பசுவின் கருமுட்டைக்குக் கொழுப்பு அமிலம் நல்லதா, கெட்டதா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு முதுநிலை மாணவர் கேட்கிறார்: "ஆய்வகத்தில் பசுவின் கருமுட்டைகளை முதிர வைக்கும்போது ஊடகத்தில் (முட்டைகளை வைக்கும் ஊட்டத் திரவத்தில்) கொழுப்பு அமிலம் சேர்ப்பது நல்லதா, கெட்டதா? ஒரு கட்டுரை முட்டை மேம்படுகிறது என்கிறது, அடுத்த கட்டுரை கெட்டுப்போகிறது என்கிறது. 10 சதவீதம் சீரம் உள்ள எங்கள் வழக்கமான ஊடகத்தில் 150 மைக்ரோமோலார் பால்மிட்டிக் அமிலம் சேர்த்துப் பார்த்தேன். 24 மணி நேரம் கழித்து முதிர்ந்த முட்டைகளின் விகிதம் குறையவே இல்லை. பிழை என்னிடமா, கட்டுரைகளிலா?"

இரண்டு பக்கமும் பிழை இல்லை. சீரத்தில் உள்ள அல்புமின் என்ற புரதம் உங்கள் பால்மிட்டிக் அமிலத்தில் பெரும்பகுதியைக் கட்டிப்போட்டிருக்கும். கட்டுப்படாமல் மிஞ்சியது ஏதாவது செய்திருந்தாலும், நீங்கள் பார்த்த இடத்தில் அது தெரியாமல் போயிருக்கலாம். கட்டுரைகள் முரண்படுவது போலத் தோன்றுவதும் இதனால்தான். எந்த அமிலம், எவ்வளவு, எதனோடு சேர்த்து, சுற்றிலும் கியூமுலஸ் செல்கள் (முட்டையைப் போர்த்தியிருக்கும் துணைச் செல்கள்) இருந்தனவா, முடிவை எந்த நாளில் பார்த்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு படித்தால் முரண் பெரும்பாலும் கரைந்துவிடும். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முட்டையிலிருந்தே தொடங்கலாம். 2 முதல் 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஃபாலிக்கிள்களிலிருந்து (சினைப்பையில் முட்டையைத் தாங்கும் நீர்ப்பைகளிலிருந்து) ஊசியால் உறிஞ்சி எடுத்த பசுவின் கருமுட்டையை ஸ்டீரியோ நுண்ணோக்கியில் பார்த்திருப்பீர்கள். சுமார் 120 மைக்ரோமீட்டர் விட்டம், உள்ளே பழுப்பும் கறுப்புமாக ஒரு திட்டு, சுற்றிலும் இறுக்கமாக ஒட்டிய கியூமுலஸ் செல்கள். அந்தக் கருமைக்குக் காரணம் கொழுப்புத் துளிகள். ஒரு பசு முட்டையில் உள்ள கொழுப்பு அமிலங்களின் எடை 60 நானோகிராமுக்குச் சற்று மேல். பன்றி முட்டையில் சுமார் 160. சுண்டெலி முட்டையில் ஏறக்குறைய 4 மட்டுமே. அதனால்தான் பன்றி முட்டை மை போல இருக்கிறது, சுண்டெலி முட்டை கண்ணாடி போலத் தெளிந்திருக்கிறது. பசுவின் முட்டை பிறப்பிலேயே கொழுப்பைச் சேமித்து வைத்து வாழும் செல். சேமிப்பில் இருப்பது பெரும்பாலும் டிரைகிளிசரைடு. அதில் அதிகம் காணப்படுபவை பால்மிட்டிக், ஓலியிக், ஸ்டியரிக் அமிலங்கள். ஆகக் கொழுப்பு அமிலம் இந்த முட்டைக்குப் புதிய விருந்தாளி இல்லை. எப்போதும் உள்ளே இருக்கும் ஒரு பொருளின் அளவையும் கலவையையும்தான் நாம் மாற்றுகிறோம்.

ஃபாலிக்கிளிலிருந்து வெளியே எடுத்தவுடன் முட்டை தானாகவே ஒடுக்கற்பிரிவைத் தொடர ஆரம்பித்துவிடும். இதை 1935-ல் முயல் முட்டைகளில் பிங்கஸும் என்ஸ்மனும் காட்டினார்கள். பசுவிலும் அதே கதைதான்: 38.5 டிகிரி செல்சியஸ், 5 சதவீதம் கரியமில வாயு, ஈரமான காற்று, 22 முதல் 24 மணி நேரம். உட்கரு உறை கரைந்து, முதல் துருவ உடல் (பிரிவில் ஒதுக்கப்படும் சிறு செல்) வெளியே வந்து, முட்டை இரண்டாம் மெட்டாஃபேஸில், அதாவது விந்துக்குக் காத்திருக்கும் நிலையில், வந்து நிற்கும். நல்ல முட்டைகளாகத் தேர்ந்து வைத்தால் 10-ல் 8 அல்லது 9 இந்த நிலைக்கு வந்துவிடும். ஆனால் கருவுறச் செய்து எட்டாம் நாள் எண்ணினால் பிளாஸ்டோசிஸ்ட் (உள்ளே நீர்க்குழி விட்ட ஒரு வாரக் கரு) ஆகியிருப்பவை 3 அல்லது 4 மட்டுமே.

இந்த இடைவெளியில்தான் விஷயமே இருக்கிறது. உட்கரு முதிர்வது ஒன்று, சைட்டோபிளாசம் முதிர்வது வேறொன்று. கருவை எட்டு நாள் தாங்கும் அளவுக்கு மைட்டோகாண்ட்ரியா ஒழுங்காக இருக்கிறதா, புரதங்கள் உருவாகி மடியும் எண்டோபிளாச வலை நலமாக இருக்கிறதா, சேமிப்பு போதுமா என்பதெல்லாம் சைட்டோபிளாசத்தின் பாடு. கொழுப்பு அமிலங்கள் அதிகம் கை வைப்பது அங்கேதான். துருவ உடலை மட்டும் எண்ணி முடிவு எழுதினால், மாணவன் பள்ளிக்கு வந்தானா என்று மட்டும் பார்த்து மதிப்பெண் போட்டது போல ஆகிவிடும்.

சரி, முட்டைக்குக் கொழுப்பு எதற்கு? முதல் பயன் எரிபொருள். ஒரு பால்மிட்டிக் அமில மூலக்கூறு முழுதாக எரிந்தால் செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. நிகரமாக 106 கிடைக்கும், ஒரு குளுக்கோஸில் கிடைப்பது 30 முதல் 32. பசு முட்டை குளுக்கோஸை நேரடியாகப் பெரிதாகப் பயன்படுத்திக்கொள்வதில்லை. கியூமுலஸ் செல்கள் அதை உடைத்துத் தரும் பைருவேட்டையும், தன்னிடமுள்ள கொழுப்பையும் நம்பி இருக்கிறது. கொழுப்பு அமிலம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைய கார்னிடின் என்ற வண்டி வேண்டும். அந்த நுழைவாயிலை எட்டோமாக்சிர் போன்ற மருந்தால் அடைத்துவிட்டால் பின்னால் கரு வளர்ச்சி அடிவாங்கும். எதிர்த்திசையில், முதிர்வு ஊடகத்தில் எல்-கார்னிடின் சேர்த்துப் பல ஆய்வகங்கள் பார்த்திருக்கின்றன. இரண்டாவது பயன் சவ்வு: பிளக்கத் தயாராகும் செல்லுக்குச் சவ்வுக் கச்சாப்பொருள் வேண்டும். மூன்றாவது சமிக்ஞை: சில அமிலங்களிலிருந்து புரோஸ்டாகிளாண்டின்கள் என்ற ஹார்மோன் போன்ற பொருள்கள் உருவாகின்றன, அவை முதிர்வையே முன்னும் பின்னும் இழுக்கக்கூடியவை.

இனி உங்கள் பால்மிட்டிக் அமிலத்துக்கு வருகிறேன். இந்தத் துறையில் கொழுப்பு அமிலங்கள் மேல் இவ்வளவு கவனம் வந்ததற்குக் காரணம் கறவை மாடு. கன்று ஈன்ற முதல் வாரங்களில் பாலுக்குத் தேவைப்படும் ஆற்றலைத் தீனியால் ஈடுகட்ட முடியாது. உடல் கொழுப்பு கரைந்து இரத்தத்தில் எஸ்டராகாத (கிளிசராலோடு பிணைந்திராத) கொழுப்பு அமிலங்களாக ஓடும். 2005-ல் பெல்ஜியத்தில் யோ லெராய் குழுவினர் இதை அளந்தார்கள். ஆற்றல் பற்றாக்குறையில் இருந்த மாடுகளின் சீரத்தில் 0.4 முதல் 1.2 மில்லிமோலார், ஃபாலிக்கிள் திரவத்தில் 0.2 முதல் 0.6 மில்லிமோலார். ஃபாலிக்கிள் கொஞ்சம் வடிகட்டுகிறது, ஆனால் முழுதாகத் தடுக்கவில்லை. திரவத்தில் முன்னணியில் இருந்தவை ஓலியிக், பால்மிட்டிக், ஸ்டியரிக் ஆகிய மூன்றும். அதே அளவுகளைச் சீரம் இல்லாத ஊடகத்தில் தனித்தனியாகச் சேர்த்தபோது, பால்மிட்டிக்கும் ஸ்டியரிக்கும் முதிர்வு, கருவுறுதல், பிளவு (கருவின் முதல் செல் பிரிவு), பிளாஸ்டோசிஸ்ட் என்று எல்லாப் படியிலும் எண்ணிக்கையைக் குறைத்தன. ஓலியிக் அப்படிக் குறைக்கவில்லை.

"சீரம் இல்லாத" என்ற அந்தச் சொல்லை ஒருமுறை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள், பிறகு அதற்கு வருகிறேன்.

பால்மிட்டிக்கும் ஓலியிக்கும் ஏன் இப்படி வேறுபடுகின்றன? பால்மிட்டிக் அமிலத்துக்கு 16 கார்பன், இரட்டைப் பிணைப்பே இல்லை, குச்சி போல நேரானது. ஸ்டியரிக் 18 கார்பன், அதுவும் நேர்தான். ஓலியிக்கும் 18 கார்பன்தான். ஆனால் நடுவே ஒரே ஒரு இரட்டைப் பிணைப்பு, அதனால் ஒரு வளைவு. நேரான குச்சிகள் நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும், வளைந்தவை அடுக்கிக்கொள்ளாது. உருகுநிலையில் இது பளிச்சென்று தெரியும்: பால்மிட்டிக் சுமார் 63 டிகிரி, ஸ்டியரிக் சுமார் 69, ஓலியிக் 13 டிகிரிக்கு அருகே. இன்குபேட்டரின் 38.5 டிகிரியில் தனியாக வைத்தால் முதல் இரண்டும் மெழுகு, மூன்றாவது எண்ணெய்.

செல்லுக்குள்ளும் இந்தக் குணம் பேசுகிறது. ஓலியிக் அமிலத்தை முட்டை எளிதாக டிரைகிளிசரைடாக மாற்றித் துளிக்குள் போட்டு மூடிவிடும். இரட்டைப் பிணைப்பே இல்லாத, அதாவது நிறைவுற்ற அமிலம் மட்டும் குவிந்தால் அப்படிச் சுலபமாக மூட முடிவதில்லை. அது எண்டோபிளாச வலையின் சவ்வில் நுழைந்து அதை விறைக்க வைக்கும். பால்மிட்டிக் ஒரு பக்கம் செரமைடு (அதிகமானால் செல்லைச் சாகத் தூண்டும் ஒரு கொழுப்பு) ஆக்கத்துக்கும் போகும். மைட்டோகாண்ட்ரியாவில் செல்லைச் சேதப்படுத்தும் ஆக்சிஜன் தனி உறுப்புகள் (ஃப்ரீ ராடிக்கல்கள்) கூடும். புரதங்கள் சரியாக மடியாமல் தேங்கி வலை அழுத்தத்துக்கு உள்ளாகும். அந்த அழுத்தத்தைச் சுமந்துகொண்டும் முட்டை முதல் துருவ உடலைத் தள்ளிவிட முடியும். கணக்கு தீர்க்கப்படுவது கரு 8 செல் தாண்டித் தன் மரபணுக்களை இயக்கத் தொடங்கும் கட்டத்திலும் அதற்குப் பிறகும்தான்.

2011-ல் நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில் ஹில்டே ஆர்டெமா குழு செய்த வேலை இந்த இடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. பால்மிட்டிக்கும் ஸ்டியரிக்கும் சேர்த்த முட்டைகளில் கொழுப்புத் துளிகள் கூடவில்லை, குறைந்தன. வளர்ச்சித் திறனும் குறைந்தது. ஓலியிக் சேர்த்த முட்டைகளில் துளிகள் கூடின, திறனும் கூடியது. ஓலியிக்கையும் நிறைவுற்ற அமிலத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது, ஓலியிக் மற்றதன் தீமையைத் தடுத்தது. அதாவது துளி என்பது நோயின் அடையாளம் அல்ல, அது கிடங்கு. சரக்கு கிடங்குக்குள் போய்விட்டால் வீடு பிழைத்தது. கிடங்குக்குப் போகாமல் கூடத்திலும் நடையிலும் கிடக்கும் சரக்குதான் தொந்தரவு. இந்தப் படிப்பினை இல்லாமல் துளிகளுக்குச் சாயம் போட்டுப் பார்க்கிறவர்கள் தலைகீழான முடிவுக்கு வந்துவிடுவார்கள். "இந்தக் குழுவில் கொழுப்பு அதிகம், அதனால் முட்டை மோசம்" என்ற வாக்கியத்தை நான் எத்தனையோ ஆய்வேட்டு வரைவுகளில் அடித்திருக்கிறேன்.

ஆனால் உண்மையான ஃபாலிக்கிளில் எந்த அமிலமும் தனியாக வருவதில்லை. பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழகக் குழு 2011-ல் மூன்றையும் கலந்தே கொடுத்துப் பார்த்தது: சாதாரண நிலைக்கு 28 மைக்ரோமோலார் ஸ்டியரிக், 23 பால்மிட்டிக், 21 ஓலியிக், மொத்தம் 72. பற்றாக்குறை நிலைக்கு 75 ஸ்டியரிக், 150 பால்மிட்டிக், 200 ஓலியிக், மொத்தம் 425. அதிக அளவில் முதிர்ந்த முட்டைகளிலிருந்து வந்த பிளாஸ்டோசிஸ்ட்டுகள் எண்ணிக்கையில் குறைந்தன. வந்தவற்றிலும் செல்கள் குறைவு, தற்கொலை செய்துகொள்ளும் செல்கள் அதிகம், அமினோ அமிலப் பயன்பாடு மாறியிருந்தது. ஓலியிக் கூட இருந்தும் இப்படி. ஆகவே "ஓலியிக் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று எளிதாகச் சொல்ல முடியாது. விகிதம் முக்கியம், மொத்த அளவும் முக்கியம். அந்த முட்டைகள் கொழுப்பு அமிலத்தைச் சந்தித்தது முதல் 24 மணி நேரம் மட்டுமே, பிறகு எல்லாக் குழுவும் ஒரே ஊடகத்தில்தான் வளர்ந்தன என்பதையும் சேர்த்து யோசியுங்கள். ஒரு நாள் பட்ட பாதிப்பை ஏழு நாள் கழித்தும் கரு நினைவில் வைத்திருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. மாட்டின் உடலில் முட்டை வளர்ந்து பெரிதாகும் காலம் வாரக்கணக்கில். நாம் தட்டில் காட்டுவது கடைசி ஒரு நாள். தட்டில் கண்டதை அப்படியே மாட்டின் மலட்டுத்தன்மைக்கு விளக்கமாக எழுதிவிடக் கூடாது; ஒரு பகுதி விளக்கம் என்று எழுதலாம்.

அப்புறம், கியூமுலஸ் செல்கள். இவற்றைப் பற்றிப் பேசாமல் கொழுப்பு அமிலத்தைப் பற்றிப் பேசுவது பாதிப் பேச்சு. கியூமுலஸ் செல்கள் முட்டையின் வெளி உறையான ஜோனாவைத் துளைத்துக்கொண்டு மெல்லிய நீட்சிகளை உள்ளே அனுப்பி முட்டையின் சவ்வைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஊடகத்தில் நீங்கள் போடும் அமிலம் முதலில் சந்திப்பது இந்தச் செல்களைத்தான். அவையும் தம்முள் துளிகளைச் சேர்த்துக்கொள்ளும். கொழுப்பு அமிலத்தைப் பிடித்துச் செல்லும் புரதங்களின் துணையோடு, அந்த நீட்சிகள் வழியாக ஒரு பகுதியை முட்டைக்குள்ளும் அனுப்பும். இன்னும் அழகான விஷயம், இந்தச் செல்களில் ஸ்டியரோயில் கோ-ஏ டீசாச்சுரேஸ் என்ற நொதி சுறுசுறுப்பாக இருக்கிறது. ஸ்டியரிக்கில் ஒரு இரட்டைப் பிணைப்பைப் போட்டு ஓலியிக்காக மாற்றுவது அதன் வேலை. தீமை செய்யும் குச்சியை வளைத்து, கிடங்கில் வைக்கத்தக்க பொருளாக்கி முட்டைக்குக் கொடுக்கிறது. உட்ரெக்ட் குழு 2017-ல் இந்த நொதியைத் தடுத்துப் பார்த்தபோது முட்டைக்குக் கிடைத்த பாதுகாப்பு போய்விட்டது.

இதன் நடைமுறைப் பொருள் என்ன? முட்டையைத் தேர்ந்தெடுக்கும்போது ஐந்தாறு அடுக்கு கியூமுலஸ் உள்ளதையும் பாதி மொட்டையாக இருப்பதையும் ஒரே குழுவில் கலந்தால், அந்தக் குழுவில் இரண்டு விதமான கொழுப்பு அமிலச் சோதனை நடக்கிறது என்று பொருள். பிப்பெட்டால் வேகமாக ஏற்றி இறக்கி அடுக்குகளை உதிர்த்துவிடுவதும் அப்படித்தான். நான் புதியவர்களுக்குப் பழக்கும்போது 24 மணி நேரத்துக்கு முன்னும் பின்னும் ஒரே கொத்தை (முட்டையும் அதைச் சுற்றிய கியூமுலஸ் செல்களும் சேர்ந்தது) பார்க்கச் சொல்வேன். முன்னால் பார்த்தால் முட்டையைச் சுற்றி இறுகிய, மணல் போன்ற ஒரு வளையம். பின்னால் பார்த்தால் அந்த வளையம் பஞ்சு போல விரிந்து, செல்களுக்கு இடையே பிசின் நிறைந்து, பிப்பெட் முனையில் ஒட்டிக்கொண்டு வரும். நிறைவுற்ற அமிலம் அதிகமான தட்டில் இந்தப் பஞ்சு சரியாக விரியாமல், சில இடங்களில் செல்கள் கறுத்து உதிர்ந்து தட்டின் அடியில் தூசி போலக் கிடப்பதைப் பார்க்கலாம். துருவ உடலை எண்ணுவதற்கு முன்பே கண்ணுக்குத் தெரியும் முதல் செய்தி அதுதான். உங்கள் குறிப்பேட்டில் அதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

பல இரட்டைப் பிணைப்புள்ள அமிலங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் "ஒரு கட்டுரை நல்லது என்கிறது" என்று நீங்கள் சொன்னது பெரும்பாலும் இவற்றைப் பற்றியதாகத்தான் இருக்கும். லினோலியிக் அமிலமும் ஆல்ஃபா லினோலெனிக் அமிலமும் இரண்டும் 18 கார்பன். முதலாவதில் இரண்டு இரட்டைப் பிணைப்பு, ஒமேகா 6 வகை. இரண்டாவதில் மூன்று, ஒமேகா 3 வகை. வித்தியாசம் ஒரே ஒரு பிணைப்பு, நடத்தையோ எதிரும் புதிரும். லினோலியிக் அமிலம் உட்கரு உறை கரைவதைத் தடுக்கும் என்று 1992-லேயே காட்டப்பட்டது. சிறிய ஃபாலிக்கிள்களின் திரவத்தில் அதன் பங்கு அதிகம், பெரிதாக ஆக ஆகக் குறைகிறது. முட்டையை நேரம் வரும்வரை உறங்க வைப்பதில் அதற்குப் பங்கு இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. முதிர்வு ஊடகத்தில் 100 மைக்ரோமோலார் அளவில் சேர்த்தால் கியூமுலஸ் விரிவது தடைப்படும், இரண்டாம் மெட்டாஃபேஸை எட்டும் முட்டைகள் குறையும்.

ஆல்ஃபா லினோலெனிக் 50 மைக்ரோமோலார் அளவில் இதற்கு நேர்மாறாக, முதிர்ந்த முட்டைகளின் விகிதத்தைக் கூட்டுகிறது. புரோஸ்டாகிளாண்டின் ஈ2 வழியாகவும் மேப் கைனேஸ் என்ற சமிக்ஞை நொதி வழியாகவும் அது வேலை செய்கிறது. ஆனால் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் இந்த நன்மை மறைந்து தீமையாகிவிடும். இரட்டைப் பிணைப்பு அதிகமானால் ஆக்சிஜன் தாக்கும் இடங்களும் அதிகம் என்பது ஒரு காரணம். ஒருமுறை திறந்த குப்பியை மூடி அலமாரியில் வைத்து மூன்று மாதம் கழித்து எடுத்து ஊற்றுகிறவர்கள், லினோலெனிக் அமிலத்தைச் சோதிக்கவில்லை, அதன் பெராக்சைடுகளைச் சோதிக்கிறார்கள். சிறு சிறு குப்பிகளாகப் பிரித்து, மேலே நைட்ரஜன் வாயு நிரப்பி, இருட்டில், உறைநிலைக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குப்பி, ஒரு சோதனை.

இணைந்த லினோலியிக் அமிலத்தின் டிரான்ஸ் 10, சிஸ் 12 வடிவத்தைப் பற்றி ஒரு வரி: அது கொழுப்புச் சேர்வதைக் குறைக்கும், கருவை உறைய வைத்து எடுத்த பிறகு பிழைப்பதற்கு உதவும். உறைய வைப்பது உங்கள் நோக்கமில்லை என்றால் இப்போதைக்கு அதை விட்டுவிடலாம்.

இனி அடிக்கோடிடச் சொன்ன சீரத்துக்கு வருவோம். கொழுப்பு அமிலம் தண்ணீரில் கரையாது. உடலில் அதைச் சுமப்பது அல்புமின். ஓர் அல்புமின் மூலக்கூறில் நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் உட்கார ஏழு இடங்கள் உண்டு, எல்லாவற்றிலும் பிடி ஒரே மாதிரி உறுதி இல்லை. செல்லுக்குள் நுழைவது கட்டுப்படாமல் இருக்கும் மிகச் சிறிய பகுதி. ஆகவே "150 மைக்ரோமோலார்" என்பது பாதி வாக்கியம்தான். எவ்வளவு அல்புமினுக்கு 150 என்று சொன்னால்தான் வாக்கியம் முடியும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மாட்டு அல்புமினின் மூலக்கூறு எடை ஏறக்குறைய 66,000. ஒரு மில்லிலிட்டருக்கு 6 மில்லிகிராம் போட்டால் சுமார் 90 மைக்ரோமோலார். 150 மைக்ரோமோலார் பால்மிட்டிக் சேர்த்தால் ஓர் அல்புமினுக்கு இரண்டுக்கும் குறைவாகவே வருகிறது; பெரும்பாலும் நல்ல பிடிக்குள் இருக்கும். அதே 150-ஐ ஒரு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் அல்புமினோடு போட்டால், 15 மைக்ரோமோலாருக்கு 150, ஓர் அல்புமினுக்குப் பத்து. உட்கார இடமே இல்லை, முட்டை மூழ்கிவிடும். இரண்டு கட்டுரைகளும் "150 மைக்ரோமோலார்" என்றே எழுதும், முடிவுகள் மட்டும் இரண்டு துருவம்.

உங்கள் ஊடகத்தில் இருந்தது சீரம். அதில் அல்புமினும் உண்டு, அந்த அல்புமினில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் ஓலியிக், லினோலியிக் எல்லாமும் உண்டு, லிப்போபுரதங்களும் உண்டு. அதாவது நீங்கள் பால்மிட்டிக்கைத் தனியாகக் கொடுக்கவில்லை. ஓலியிக் கையைப் பிடித்துக்கொண்டு வந்த பால்மிட்டிக்கைக் கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் கட்டுப்பாட்டுக் குழுவும் கொழுப்பு இல்லாத குழு அல்ல. இரண்டு குழுவும் ஏறக்குறைய ஒன்றுபோல வந்ததில் ஆச்சரியம் இல்லை.

இதே குழியில் நானும் விழுந்திருக்கிறேன். சீரத்தை விட்டுவிட்டு அல்புமினுக்கு மாறிய பிறகும் ஆறு முறை செய்து ஆறு முறையும் குழுக்களிடையே வித்தியாசம் வரவில்லை. கடைசியில் டப்பாவின் லேபிளைப் படித்தபோதுதான் தெரிந்தது, நான் எடை போட்டுக்கொண்டிருந்தது சாதாரண வகை அல்புமின். அது தன்னோடு கொழுப்பு அமிலங்களைச் சுமந்துகொண்டே டப்பாவுக்குள் வந்திருக்கிறது. கொழுப்பு அமிலம் நீக்கிய வகையை வாங்கிப் போட்டதும் படம் மாறியது. இரண்டு மாத வேலை அந்த லேபிளைப் படிக்காததால் போனது. ஒரே சோதனைத் தொடருக்குள் அல்புமின் தொகுதி எண்ணையும் மாற்றாதீர்கள்.

கரைக்கும் முறையிலும் கவனம் வேண்டும். பால்மிட்டிக்கை எத்தனாலில் 100 மில்லிமோலாராகக் கரைத்து வைத்துக்கொண்டால், 150 மைக்ரோமோலாருக்கு ஒரு மில்லிலிட்டர் ஊடகத்தில் 1.5 மைக்ரோலிட்டர் போதும், எத்தனால் 0.15 சதவீதம்தான். அதே அளவு எத்தனால் கட்டுப்பாட்டுக் குழுவிலும் இருக்க வேண்டும். ஊடகமும் பிப்பெட் முனையும் வெதுவெதுப்பாக இருக்கட்டும். குளிர்ந்த ஊடகத்தில் விட்டால் விட்ட இடத்திலேயே வெண்மையாகத் திரிந்து, செதில் செதிலாக மிதக்கும். அந்தச் செதிலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் இளஞ்சிவப்பு ஊடகத்தில் பொடிப்பொடியாக மின்னும். மின்னினால் அந்தக் குழாயை ஊற்றிவிட்டுத் திரும்பச் செய்யுங்கள். சுற்றிச் சுழற்றினால் கரைந்துவிடும் என்று நம்பாதீர்கள். கலந்த பிறகு அல்புமினோடு சேர நேரம் கொடுத்து, இன்குபேட்டரில் சமநிலைக்கு வந்த பிறகுதான் முட்டைகளை வைக்க வேண்டும்.

எண்ணெய் மூடி என்பது இன்னொரு கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. சிறு துளிகளில் முட்டைகளை வைத்து மேலே மினரல் எண்ணெய் ஊற்றுவது எல்லோருக்கும் பழக்கம். ஸ்டீராய்டு ஹார்மோன்கள் அந்த எண்ணெய்க்குள் போய்விடும் என்பது நெடுநாளாகத் தெரிந்தது. கொழுப்பு அமிலமும் எண்ணெயில் கரையும் பொருள்தானே. நான்கு குழித் தட்டில் குழிக்கு 500 மைக்ரோலிட்டர், எண்ணெய் இல்லாமல், இன்குபேட்டரில் ஈரப்பதம் குறையாமல் பார்த்துக்கொண்டு செய்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

முட்டைகள் வரும் இடத்தையும் மறக்க வேண்டாம். இறைச்சிக்கூடத்திலிருந்து வரும் சினைப்பைகள் எந்த வயது மாடு, மெலிந்ததா கொழுத்ததா என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. பருவகாலம் மாறினாலே முட்டைச் சவ்வின் கொழுப்பு அமிலக் கலவை மாறுகிறது. வெப்ப மாதங்களில் நிறைவுற்றவை கூடுகின்றன, குளிர் மாதங்களில் நிறைவுறாதவை. ஆகவே ஒரு நாளில் வந்த எல்லா முட்டைகளையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்து, பிறகு எல்லாக் குழுக்களுக்கும் பிரியுங்கள். கட்டுப்பாட்டுக் குழுவை இந்த வாரமும் பால்மிட்டிக் குழுவை அடுத்த வாரமும் வைப்பது வேண்டாம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் அடுத்த சோதனையை இப்படி அமைப்பேன். சீரம் இல்லை, கொழுப்பு அமிலம் நீக்கிய அல்புமின், எண்ணெய் இல்லை. நான்கு குழுக்கள்: அல்புமினும் எத்தனாலும் மட்டும், 150 மைக்ரோமோலார் பால்மிட்டிக், 200 மைக்ரோமோலார் ஓலியிக், இரண்டும் சேர்ந்து. குழிக்கு 40 முதல் 50 கொத்துகள். 24 மணி நேரத்தில் ஒவ்வொரு குழுவிலும் கால்வாசியை எடுத்து, கியூமுலஸை உரித்து, துருவ உடலை எண்ணி, போடிப்பி 493/503 சாயத்தால் துளிகளைப் பாருங்கள். அந்தச் சாயம் கொழுப்பு எவ்வளவு என்று சொல்லும், எந்தக் கொழுப்பு என்று சொல்லாது. மீதி முக்கால்வாசியை உரிக்காமல் கருவுறச் செய்து, 48 மணி நேரத்தில் பிளவையும், ஏழாம் எட்டாம் நாட்களில் பிளாஸ்டோசிஸ்ட்டையும், முடிந்தால் அவற்றின் செல் எண்ணிக்கையையும் பதியுங்கள். விகிதத்தைக் கணக்கிடும்போது பிளவுபட்டவற்றில் எத்தனை என்றும், வைத்த முட்டைகளில் எத்தனை என்றும் இரண்டையும் எழுதுங்கள். பால்மிட்டிக் பிளவையே குறைத்திருந்தால் முதல் விகிதம் அதை மறைத்துவிடும்.

சாயமிட்ட படங்களில் பால்மிட்டிக் குழு துளிகள் மெலிந்தும், சேர்ந்து கொடுத்த குழு துளிகள் நிறைந்தும் தெரிந்து, எட்டாம் நாள் எண்ணிக்கையும் அதே வரிசையில் வந்தால், உங்கள் தட்டிலும் அதே கிடங்குதான் வேலை செய்கிறது. அப்படி வராவிட்டால் முதலில் அல்புமினின் அளவையும், குப்பியின் வயதையும், முட்டைகளில் எத்தனை அடுக்கு கியூமுலஸ் இருந்தது என்பதையும் திரும்பிப் பாருங்கள். படங்களை எடுத்ததும் அனுப்புங்கள், சேர்ந்து பார்க்கலாம்.